நீர்க்கட்டிக்கு என்ன கல்வித்தகுதி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழோடு வந்த உயர்கல்வி இணைப்பில், வித்தியாசமான படிப்புகள் பற்றிய பக்கத்தின் வலது மூலையில், லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் பற்றி ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. மொத்தம் எட்டு வரி. அழகிய பூங்காக்களையும் புல்வெளிகளையும் உருவாக்கும் கலை, பிளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம், கைநிறையச் சம்பளம் என்று போட்டிருந்தீர்கள். பக்கத்தில் ஏதோ வெளிநாட்டுப் புல்வெளியின் படம். அன்று சாயங்காலமே எங்கள் தெருக்காரர் ஒருவர் அந்தப் பக்கத்தை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மகளுக்குப் படம் வரைய வரும், செடி கொடி என்றால் உயிர், இதிலே சேர்த்துவிடலாமா டீச்சர் என்று கேட்டார். காபி ஆறிப்போகிற வரை பேசினேன். பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை உங்களுக்கு எழுதுகிறேன். தலைப்பில் இருக்கிற நீர்க்கட்டி, கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுகிறவர். அவரிடம் பிறகு வருகிறேன். நீளம் என்று தோன்றினால் வெட்டிக்கொள்ளுங்கள். ஓடையைப் பற்றி வருகிற பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

முதலில் திருத்தம். இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் பெரும்பாலோர் வருகிற வழி பிளஸ் டூவிலிருந்து நேர்வழி இல்லை. கட்டடக்கலைப் படிப்புக்கான நாட்டா நுழைவுத் தேர்வு எழுதி ஐந்து வருஷம் பி.ஆர்க்., அதற்கு மேல் இரண்டு வருஷம் எம்.ஆர்க். லேண்ட்ஸ்கேப். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளியில் அந்த மேற்படிப்பு இருக்கிறது. தில்லியில் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளியில் 1972-லேயே தொடங்கிவிட்டார்கள். நான் அங்கே படித்தவள். ஹுமாயூன் சமாதித் தோட்டத்தைப் பிற்பாடு மீட்டெடுத்த முகமது ஷாஹீர் அங்கே பாடம் நடத்திய காலம் அது. ஆக ஏழு வருஷப் படிப்பு. கைநிறையச் சம்பளம் என்பதைப் பொறுத்தவரை, முதல் நாலைந்து வருஷம் கை நிறையாது. செருப்பு நிறைய மண் வேண்டுமானால் இருக்கும்.

படித்து முடித்து ஊர் திரும்பியபோது என் அத்தை கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "இம்புட்டுப் படிச்சுப்புட்டு, கடைசில செடி வைக்கிற வேலையா?" அப்போது எனக்குக் கோபம் வந்தது. நியூயார்க் சென்ட்ரல் பார்க் கதையை அத்தைக்கு விளக்கினேன். 1858-ல் நடந்த போட்டியில் ஓல்ம்ஸ்டெடும் வாக்ஸும் வரைந்த திட்டம் தேர்வானது, அங்கே இயற்கையாகத் தெரிகிற ஏரிகூட வெட்டி உண்டாக்கியது, சதுப்பு நிலத்தை வடிப்பதற்கு மண்ணுக்கடியில் குழாய் பதித்த பிறகுதான் புல்லும் மரமும் வந்தன என்றெல்லாம் சொன்னேன். அத்தை வெற்றிலையை மடித்தபடி, "அப்ப வாய்க்கா வெட்டுற வேலைன்னு சொல்லு" என்றார். அத்தை சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சில வருஷங்களும் நூற்று நாற்பது லாரி சவுடு மண்ணும் தேவைப்பட்டன.

அதைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு நிறுவனத்துக்காகப் பயிற்சி வளாகம் ஒன்று வடிவமைத்தேன். 12 ஏக்கர். மதுரையில் நான் தனியாக எடுத்துச் செய்த முதல் பெரிய வேலை. சர்வேயர் கொடுத்த வரைபடத்தில் நிலத்தின் ஏற்றத்தாழ்வைக் காட்டுகிற சம உயரக் கோடுகள் ஒரு மீட்டர் உயர இடைவெளியில் போட்டிருந்தன. அப்படிப் போட்டால் இரண்டடிப் பள்ளம் அதில் சிக்கவே சிக்காது. நிலத்தின் மேற்கு மூலையிலிருந்து தென்கிழக்காக, சேலையை இழுத்துப் போட்ட மாதிரி மெலிதாக ஒரு தாழ்வு ஓடியது. நேரில் பார்த்தேன், கோடைக்காலம், உள்ளே காய்ந்த கோரையும் ஆட்டுப் புழுக்கையும். பழைய மண் எடுத்த குழி என்று நானே முடிவு கட்டிவிட்டேன். சவுடு அடித்து நிரவி, மேலே கொரியன் புல், நடுவே நடைபாதை, ஓரத்தில் சாப்பாட்டுக்கூடம்.

கண்ணெதிரே எத்தனை சாட்சி இருந்தது என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தத் தாழ்வின் ஓரமாக மட்டும் நாலு புங்கை வரிசையாக நின்றன. யாரும் வைத்ததில்லை. தண்ணீர் போகிற தடத்தில்தான் புங்கை தானாக அப்படி நிற்கும். வெளியே தார்ரோட்டில் மூன்றடி அகலத்துக்கு ஒரு சின்னப் பாலம். தண்ணீர் வராத இடத்தில் எந்தக் காலத்து இன்ஜினியராவது பாலம் கட்டியிருப்பானா? அதைத் தினமும் ஸ்கூட்டரில் கடந்தேன். ஒரு நாளாவது இறங்கிக் குனிந்து பார்த்தேனா என்றால் இல்லை.

ஐப்பசி மழை ஒரே ராத்திரியில் கொட்டியது. விடிந்து போனால் சாப்பாட்டுக்கூடத்தில் முழங்காலளவு தண்ணீர். பெஞ்சு மிதக்கிறது. சாம்பார் அண்டா வாசல் வரை வந்து நிற்கிறது. என் புல்வெளி நடுவே, பழைய தடத்திலேயே, புதுச் சவுட்டை அறுத்துக்கொண்டு தண்ணீர் ஓடுகிறது. வேலியோரம் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார். "அது ஓடை தாயி. எங்க பாட்டன் காலத்துலருந்து கண்மாய்க்குத் தண்ணி இங்கிட்டுத்தான் போகுது. மூடிப்புட்டா அது எங்கிட்டுப் போகும்? சோத்துக்கு வந்துருச்சு." அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. விவரம் சொல்கிற குரலில்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

கணக்கு ரொம்பச் சின்னது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் பெய்தால் 2 லட்சம் லிட்டர். 12 ஏக்கருக்கு 24 லட்சம். அதுகூட அந்த நிலத்தில் விழுந்தது மட்டும்தான், மேற்கே இருந்த காடுகரையிலிருந்து இறங்கி வந்தது சேர்த்தி இல்லை. ஏழு வருஷம் படித்த நான் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்கவில்லை. என் கட்டணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்து, ஜேசிபி வைத்து ஓடையைத் திறந்தேன். கரையில் வெட்டிவேரும் புங்கையும் வைத்தேன். நடைபாதைக்கு ஒரு சிறு பாலம் கட்டினேன். பிறகு அந்த வளாகத்துக்கு வருகிறவர்கள் பாராட்டியது அந்த ஓடையைத்தான். நான் வடிவமைத்தது என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் பல வருஷம் திருத்தாமல் விட்டேன்.

அதற்குப் பிறகு எந்த நிலத்துக்குப் போனாலும் முதலில் பாலத்தைத் தேடுவேன். இரண்டாவது, அக்கம்பக்கத்தில் வயதானவர் யார் என்று கேட்பேன். வரைபடம் மூன்றாவதுதான்.

மற்ற வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பங்களா, கல்யாண மண்டபம், மில் வளாகம். எல்லாருக்கும் லான் வேண்டும். கோடையில் லானுக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் விட்டால் ஆயிரம் சதுர அடிக்கு 450 லிட்டருக்கு மேல் ஆகும். குடிக்கிற தண்ணீரை லாரியில் வாங்குகிற வீட்டில் புல்லுக்கு அவ்வளவு! திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் ஒருவர் பிடிவாதமாக லான் போட்டார். சித்திரையில் மண் வெடித்து, லானுக்கு நடுவே கை நுழைகிற அளவு பிளவு. அவர் நர்சரிக்காரரைத் திட்டினார், நர்சரிக்காரர் என்னைத் திட்டினார். அந்த நர்சரிக்காரர்தான் இன்னொரு நாள் சொன்னார்: "மேடம், புங்கங்கன்னு, இலுப்பைக்கன்னு கேக்க ஆளே இல்ல. எல்லாருக்கும் கோனோகார்ப்பஸ்தான் வேணும், ரெண்டு வருஷத்துல சுவரு மாதிரி வந்துரும்ல." அந்தச் செடிக்கு இப்போது அரசே தடை போட்டுவிட்டது.

இடையில் உங்கள் நாளிதழுக்கும் ஒரு வார்த்தை. காற்றடித்தால் மறுநாள் 'மரம் சாய்ந்து போக்குவரத்து பாதிப்பு' என்று செய்தி வருகிறது. அந்த மரத்தின் ஒரு பக்க வேரைச் சாக்கடை கட்டும்போது வெட்டியதும், மறுபக்கம் தண்டோடு ஒட்டிப் பேவர் பிளாக் பதித்துச் சிமென்ட் பூசியதும் செய்தியாவதில்லை. மரத்தின் வேரில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டு மூன்று அடிக்குள்தான் பரவியிருக்கும். அதற்குத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். தில்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை உடைத்து எடுக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது. கடம்பவனம் என்று பேர் வாங்கிய ஊரில் நாம் மரத்தடியில் சிமென்ட் போட்டுக் கோலமும் போட்டுவிடுகிறோம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வகுப்பெடுக்கப் போனது லட்சியத்தால் இல்லை. எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவர்தான் காரணம். ஒரு கண்மாய்க்கரைத் திட்டத்தை அவரிடம் கொடுத்திருந்தேன். கணினியில் அற்புதமாக வரைந்து கொண்டுவந்தார். வரிசையாகப் பச்சை வட்டங்கள். இது என்ன மரம் தம்பி என்றேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "ட்ரீ-07 மேடம்" என்றார். அந்த மென்பொருளில் அந்த வட்டத்துக்கு அதுதான் பெயர். பாவம், அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நான் மட்டும் புங்கையைப் பார்த்து ஓடையை அடையாளம் கண்டுவிட்டேனா? ஆறு மாதத்தில் பகுதிநேரமாக வகுப்பு எடுக்கத் தொடங்கினேன். பிறகு அலுவலகத்தை மூடிவிட்டு முழுநேரம். வருமானம் பாதிக்கும் கீழே போனது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அத்தை இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

வகுப்பறையில் பாடம் நடத்துவது எனக்கு வரவில்லை என்பது முதல் வருஷமே தெரிந்துவிட்டது. மாணவர்களை வெளியே கூட்டிப்போனேன். கீழக்குயில்குடி சமணர் மலையடியில் தாமரைக்குளத்தையும் ஆலமரங்களையும் வரையச் சொன்னேன். இடையப்பட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டில் உசிலை மரத்தைத் தொட்டுப் பார்க்க வைத்தேன். உசிலம்பட்டிக்குப் பேர் கொடுத்த மரம் இதுதான் என்றதும் உசிலம்பட்டிப் பையனே வாயைப் பிளந்தான். வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நடத்திக் கூட்டிப்போய், இதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பல வருஷம் அதில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடியதுதான் அவர்களுக்கு நினைவிருக்கிறது. திருமலை நாயக்கர் காலத்துக் குளம், நாலு பக்கக் கல்லும் அப்படியேதான் இருந்தது, நடுவில் மைய மண்டபமும் இருந்தது. வைகையிலிருந்து வருகிற பனையூர்க் கால்வாய்தான் கெட்டுக் கிடந்தது. அதைச் சரிசெய்த பிறகு தண்ணீர் வந்தது. குளத்துக்குள்ளே எதை வரைந்தாலும் வந்திருக்காது.

ஆனால் எல்லாவற்றிலும் நல்ல வகுப்பு மேலூர்ப் பக்கத்து ஒரு கண்மாயில் நடந்தது. அதை நடத்தியவள் நான் இல்லை, அந்த ஊர் நீர்க்கட்டி. எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எத்தனை நாழி விடுவது என்று பார்க்கிறவர். கண்மாய்க்கரையில் பிறந்து வளர்ந்தவர், பள்ளிக்கூடத்துக்கு மூன்றாம் வகுப்பு வரை போனவர். பதினாறு மாணவர்கள், முப்பது அடி டியூப், அதில் குமிழி இல்லாமல் தண்ணீர் (இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும்), ஆளுக்கொரு மர ஸ்கேல். கண்மாய் நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடுகிற கலிங்கின் மேல்மட்டத்துக்கும் ஓரத்து மடையின் வாய்க்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அளக்க வேண்டும். அளப்பதற்கு முன்னாலேயே பெரியவர், "ஒரு சாணும் நாலு வெரலும்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். டியூபைத் தாவித் தாவிப் பிடித்து, முக்கால் மணி நேரம் போராடி, கடைசியில் 31 சென்டிமீட்டர் என்று எழுதினார்கள். ஒரு சாண் ஒன்பது அங்குலம், நாலு விரல் மூன்று அங்குலம். பன்னிரண்டு அங்குலத்தைச் சென்டிமீட்டராக்கிப் பார்த்த பெண், நோட்டிலிருந்து தலையைத் தூக்கி அவரையே பார்த்தாள். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் ஹுமாயூன் தோட்டத்தைப் பற்றி அவர்களிடம் சொன்னேன். 2003-ல் அந்த மீட்புப் பணி முடிந்தபோது வாய்க்கால்களை மறுபடி போட்டதில் 40 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு மட்டுமே கொடுத்திருந்தார்கள். அதிலேயே தண்ணீர் ஓடுகிறது. பெரியவரிடம் இதைத் தமிழில் சொன்னபோது அவர் வியப்பதாகத் தெரியவில்லை. "வயக்கால்ல அப்படித்தானே விடணும். வேகமா விட்டா மண்ணை அரிச்சுப்புடும்ல" என்றார்.

பிறகு மாணவர்கள் தங்கள் திட்டங்களைத் தரையில் விரித்துக் காட்டினார்கள். ஒருத்தி கண்மாயின் உள்வாய்ப் பக்கம், அதாவது தண்ணீர் பெருகி நிற்கிற பக்கம், மேட்டு ஓரத்தில், உணவகம் வரைந்திருந்தாள். மேசையெல்லாம் தண்ணீரைப் பார்த்தபடி. பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "நல்ல எடம்தான் தாயி. ஐப்பசில மீனு தானா வந்து தட்டுல ஏறிக்கும்" என்றார். இன்னொருவன் கரை முழுக்கப் பேவர் பிளாக் நடைபாதை போட்டு, மடைக்குப் போகிற படியை மூடி, மேலே செல்ஃபி மேடை கட்டியிருந்தான். அதைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. "மடை அடைச்சுக்கிட்டா ராத்திரி யார் எறங்குறது?" என்று மட்டும் கேட்டார். உள்ளே நிற்கிற நாட்டுக் கருவேலத்தை ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள் (கொக்கும் நாரையும் கூடு கட்டும்), கரையில் ஏன் பனை, சீமைக் கருவேலத்தை ஏன் வேரோடு தோண்ட வேண்டும் என்று அரை நாள் போனது. என் பதினான்கு வருஷ ஆசிரியர் வேலையில் யாரும் செல்போனை எடுக்காத ஒரே வகுப்பு.

இப்போது என் குறையைச் சொல்கிறேன். பெரியவருக்குக் கௌரவ விரிவுரையாளர் ஊதியம் கேட்டு வவுச்சர் போட்டேன். அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. 'கல்வித்தகுதி' என்ற கட்டம் காலியாக இருக்கிறதாம். 'நீர்க்கட்டி, 40 ஆண்டு அனுபவம்' என்று எழுதி மறுபடி அனுப்பினேன். அனுபவத்துக்குச் சான்றிதழ் கேட்டார்கள். கண்மாயைத்தான் நகலெடுத்து இணைக்க வேண்டும் என்றேன், அது எடுபடவில்லை. மூன்று வாரம் கழித்து 'இதர செலவு, கூலி' என்ற தலைப்பில் முந்நூறு ரூபாய் வந்தது. அதே மாதம் சென்னையிலிருந்து ஒருவர் வந்து வெளிநாட்டுப் பூங்காக்களைத் திரையில் காட்டிவிட்டுப் போனார். அவருக்கு விமானக் கட்டணமும் பொன்னாடையும். அவர் பேச்சு மோசம் என்று சொல்ல மாட்டேன், படங்கள் நன்றாகவே இருந்தன. விதியை வைத்தவர்கள் எங்கள் கல்லூரிக்காரர்கள் மட்டும் இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் அந்த முந்நூறை அவர் கையில் கொடுக்க எனக்கு முகமில்லை. என் பணத்தையும் சேர்த்துக் கவரில் வைத்துக் கொடுத்தேன். பிரித்துப் பார்க்காமல் மடியில் சொருகிக்கொண்டார்.

எனவே நான் கேட்பது ஒன்றுதான். நம் பக்கத்தில் கட்டடக்கலையும் லேண்ட்ஸ்கேப்பும் சொல்லித்தருகிற கல்லூரிகள், நீர்க்கட்டிகளையும் நர்சரிக்காரர்களையும் ஆடு மேய்க்கிறவர்களையும் வருஷத்துக்குப் பத்து நாளாவது ஆசிரியராக அழைக்க வேண்டும். ஆசிரியருக்குரிய ஊதியமும் கொடுக்க வேண்டும், கூலி என்ற தலைப்பில் இல்லாமல். நீர்க்கட்டி வேலைக்கு இப்போது இளவட்டங்கள் வருவதில்லை. அந்தப் பெரியவரின் மகனே திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறார். 2022-ல் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியை, மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர் பரப்பை, பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், சந்தோஷம். அங்கே மலைக்கும் சுனைக்கும் பலகை வைத்தாயிற்று. அந்தத் தண்ணீர் இறங்குகிற வழி தெரிந்த ஆட்களை என்ன செய்யப்போகிறோம்?

எங்கள் தெருக்காரரிடம் மகளை அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதே கண்மாய்க்குத்தான். குடையும் பழைய செருப்பும் போதும் என்றேன். சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண் என்ன சொல்கிறாளோ, அதை வைத்து முடிவெடுக்கட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் கட்டடக்கலைப் பேராசிரியை ஒருவர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.
(பெயர் வெளியிட வேண்டாம். அலுவலகத்தில் இன்னும் இரண்டு வவுச்சர் நிலுவையில் இருக்கிறது.)

பி.கு.: அடுத்த வருஷ இணைப்பில் அந்தப் புல்வெளிப் படத்தை மாற்ற இடமிருந்தால், மறுகால் பாய்கிற ஏதாவதொரு கலிங்கின் படத்தைப் போடுங்கள். உங்கள் போட்டோகிராபர் அதிகம் அலைய வேண்டியிருக்காது. மழை நன்றாகப் பெய்த கார்த்திகையில் மேலூர்ப் பக்கம் வண்டியை நிறுத்திக் காது கொடுத்தாலே போதும், சத்தம் கேட்கும்.